ஏழாவது மாடிச் சுவர்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம்தான். ஆனால் கற்பூரம் காற்றில் கரைந்துபோகிற பொருள். பிள்ளைகுட்டி மேல் சத்தியம் செய்யலாம். எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை. ஆகையால் அசையாத சொத்தின் மேலேயே செய்கிறேன். கோயமுத்தூருக்கு வடக்கே, பொன்வாசல் அடுக்ககத்தில், ஏழாவது மாடியில், கிழக்கு பார்த்த என் சொந்த வீட்டுத் தலைவாசல் மேல் ஆணை. இனிமேல் நான் சொல்வதை நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

எங்கள் அடுக்ககம் முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களுக்கென்றே கட்டப்பட்டது. கடன் கொடுக்கிறவர்களுக்கு இந்த முதல் தடவைக்காரனிடம் ஒரு பயம் உண்டு. இவன் இதற்கு முன்னால் பெரிய கடன் வாங்கியதில்லை. வாங்காததால் திருப்பிக் கட்டியதும் இல்லை. கட்டியே பழக்கமில்லாதவன் எப்படிக் கட்டுவான்? இத்தனை வருஷம் யாரிடமும் கைநீட்டாமல் இருந்ததுதான் அவன் செய்த குற்றம்.

அதனால் எங்களுக்குக் கடன் கொடுத்த நிறுவனம் ஒவ்வொரு வீட்டின் கூடத்திலும், கூரை மூலையில், ஒரு கருவியைப் பொருத்தியிருந்தது. பத்திரத்தில் அதன் பெயர் ஒரு வரி நீளம். நாங்கள் அதைக் காது என்போம். பார்க்க ரவா இட்லி மாதிரி இருக்கும். நடுவில் மிளகு வைத்தாற்போல ஒரு பச்சை விளக்கு. வீட்டில் பேசுவதையெல்லாம் கேட்டு, இந்தக் குடும்பம் தவணையைக் கட்டுமா, கம்பி நீட்டுமா என்று தானே ஒரு முடிவுக்கு வரும்.

முடிவுக்கு வந்தால் சும்மா இருக்காது. இரண்டிரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரு பொதுச்சுவர் உண்டு. அது தரைக்கு அடியில் தண்டவாளத்தின் மேல் நிற்கிறது. காதுக்கு உங்கள் மேல் நம்பிக்கை கூடினால் சுவர் பக்கத்து வீட்டுக்குள் போகும். உங்கள் கூடம் பெரிதாகும். நம்பிக்கை குறைந்தால் உங்கள் பக்கம் வரும். வந்து வந்து அடுப்பு மேடையைத் தொட்டுவிட்டால் வீடு நிறுவனத்துக்குச் சேர்ந்துவிடும். எல்லாம் பத்திரத்திலேயே இருக்கிறது. படித்தவர்தான் யாருமில்லை. முதல் வீடு வாங்குகிற சந்தோஷத்தில் இருப்பவனிடம் மூக்கை எழுதிக்கொடுக்கச் சொன்னாலும் எழுதிக்கொடுத்துவிட்டு, எங்கே இன்னொரு கையெழுத்து என்று கேட்பான்.

எனக்கு எதிர்வீடு எழுநூற்றொன்று. அதில் கிருபாகரனும் பிரதீபாவும் குடிவந்தார்கள். அவன் நூற்பாலைக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தான்; அவள் பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுதான். எந்த வீட்டுக்காரரும் சாவி கொடுப்பதற்கு முன்னால் சொல்லும் முதல் வார்த்தை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது. அதனால் அவர்களுடைய கல்யாணப் போட்டோ பல வருஷமாகப் பீரோவின் மேல் சாய்ந்தபடியே இருந்தது. சொந்த வீட்டுக்குள் வலதுகாலை வைத்ததும், பால் காய்ச்சுவதற்கு முன்பே, பிரதீபா ஒரு சுத்தியலை வாங்கிக் கூடத்தின் பெரிய சுவரில் ஒரு ஆணி அடித்தாள். அடித்துவிட்டு, இன்னொரு தடவை ஆசைக்கு அடித்தாள். போட்டோவை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள்.

அது எந்தச் சுவர் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

சுவருக்கு அந்தப் பக்கம் எழுநூற்றிரண்டு. பம்புசெட் வியாபாரி சுந்தரவடிவேலு. அவரும் முதல் தடவைக்காரர்தான். கெட்டவர் இல்லை, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரு பம்பை விற்றுவிடுவார், அவ்வளவுதான். என்னிடம்கூட ஒன்று விற்றார். ஏழாவது மாடியில் எனக்குக் கிணறு ஏது? அதனால் அவர் வீட்டுக்கு யாரும் போவதில்லை. அவர் மனைவிக்குக் கூடத்தில் ஒரு ஊஞ்சல் போட வேண்டுமென்று நெடுநாள் ஆசை. இடம்தான் போதவில்லை.

கிருபாகரன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஊரே திரண்டு வந்தது. சாப்பிட்டார்கள், வெற்றிலை போட்டார்கள், மொய் எழுதினார்கள், போனார்கள். மறுநாள் காலையில் பிரதீபா பால் பாக்கெட் எடுக்க வந்தவள், கூடத்தில் சோபா இருக்கிற இடம் கொஞ்சம் இடுக்காக இருப்பதைப் பார்த்தாள். கல்யாணப் போட்டோ ஓர் அடி முன்னால் வந்து நின்றது.

தவணை நாள் தவறாமல் கட்டினார்கள். ஆனாலும் வீட்டுக்கு நாலு விருந்தாளி வந்துபோனால் மறுநாள் சுவர் ஒரு விரற்கடை வரும். பூக்காரம்மா வந்து போனால் கொஞ்சம் வரும். கிருபாகரனின் பெரியப்பா மகள் கல்யாணப் பத்திரிகை வைக்கக் குடும்பத்தோடு வந்துபோன மறுநாள், சோபாவை விற்கவேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் சுந்தரவடிவேலு ஊஞ்சல் வாங்கிவிட்டார்.

கிருபாகரன் புகார் கொடுத்து, நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் ஜெசிந்தா. ஏணியில் ஏறிக் காதைத் திறந்து, கையிலிருந்த கருவியில் பார்த்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன். யார் வீட்டில் ஏணி போட்டாலும் நான் இருப்பேன்.

"ஏனுங்க சார், இந்த வீட்டுல வாக்கு மீறினதா நூத்துக்கணக்குல பதிவாயிருக்குதுங்க."

"நாங்க யாருக்கும் ஒரு வாக்கும் குடுக்கலீங்களே" என்றான் கிருபாகரன்.

"நீங்க இல்லீங்க. உங்க வீட்டுக்கு வந்தவங்க. எல்லாரும் வர்றனுங்க, வர்றனுங்கன்னு சொல்லியிருக்காங்க. ஒருத்தருமே வரலை."

பிரதீபாதான் மெதுவாகக் கேட்டாள்: "அம்மிணி, வர்றனுங்கன்னா போறேன்னு அர்த்தம். அது அதுக்குத் தெரியாதா?"

"அகராதியக் குடுத்துத்தான் தமிழ் சொல்லிக்குடுத்திருக்காங்க. அதுல வருதல்னா வருதல்தானுங்க. வர்றேன்னு சொல்லி ஏமாத்தற ஆளுங்ககூடப் பழகற குடும்பம், தவணையையும் அப்படித்தான் கட்டும்னு அது முடிவு பண்ணிருச்சு."

வேறு ஊராக இருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது. ஓர் ஆள் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போயிருப்பான். எங்கள் ஊர் மரியாதைக்காரர்கள் கூடத்தில் எழும்போது ஒரு வர்றனுங்க, செருப்பு மாட்டும்போது ஒரு வர்றனுங்க, லிப்ட் கதவு மூடும்போது உள்ளேயிருந்து ஒரு வர்றனுங்க. ஆளுக்கு மூன்று பொய்.

பக்கத்து வீட்டில் சுவர் ஏன் வருவதில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அங்கே யாரும் வருவதில்லை. ஆகவே யாரும் வர்றனுங்க சொல்வதில்லை. காதின் கணக்கில் சுந்தரவடிவேலு அரிச்சந்திரன்.

ஜெசிந்தா தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். கருவி தவறு செய்யாது, வாடிக்கையாளர்கள்தான் பேச்சைத் திருத்திக்கொள்ள வேண்டும், புறப்படும்போது 'நான் வெளியேறுகிறேன்' என்று தெளிவாகச் சொல்லவும் என்று பதில் வந்தது. அதைச் சொல்லும்போது அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை.

யாரைச் சொல்லச் சொல்வது? போறேன் என்று ஒரு சுபவீட்டில் யார் வாயால் வரும்? அப்படியானால் ஒன்றும் சொல்லாமல் போங்கள் என்று பெரியப்பாவிடம் கெஞ்சினான் கிருபாகரன். சொல்லிக்கொள்ளாமல் போவது துக்க வீட்டில்தான். பெரியப்பா வாயைத் திறக்காமல் எழுந்து போனார். நேரே வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாராம். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கத்துச் சொந்தத்தோடு பேச்சுவார்த்தை இல்லை.

இந்தச் சமயம் பார்த்துக் கிருபாகரனின் கம்பெனியை மூடிவிட்டார்கள். பிரதீபாவின் சம்பளம் தவணைக்கு மட்டும் போதும், சாப்பாட்டுக்கு மிச்சமில்லை. இது காதுக்குத் தெரிந்தால் சுவர் ஒரே ஓட்டமாக அடுப்பு மேடைக்கு வந்துவிடும். அதனால் வீட்டுக்குள் பேச்சையே நிறுத்தினார்கள். உப்பு வேண்டுமென்றால் விரலைக் காட்டுவது, காபி வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுவது. பேசவேண்டியதை என் வீட்டுக்கு வந்து பேசினார்கள். காரணம், என் காது கெட்டுப்போயிருந்தது. நான் அதற்கு என் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்ததில் ஒரு நாள் புகைந்து அணைந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்து, பாய் விரித்து உட்கார்ந்து, முறையாகச் சண்டை போட்டார்கள். நான் நடுவில் பொரி வைத்தேன். சண்டை முடிந்ததும் பிரதீபா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வாடகை வீட்டுல ஆணிதானுங்கய்யா அடிக்கக் கூடாது. சொந்த வீட்டுல வாயையே தொறக்கக் கூடாதுங்குது. இதுக்கா ஆசப்பட்டோம்?"

இன்னும் கொஞ்சம் பொரி வைத்தேன்.

சுவர் அதற்குள் கூடத்தைத் தின்றுவிட்டுச் சமையலறை வாசலுக்கு வந்திருந்தது. கல்யாணப் போட்டோவில் இருந்தவர்கள் அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நிலைமையில்தான் கிருபாகரனின் அம்மா தெய்வாத்தாள், அவிநாசியிலிருந்து வந்து இறங்கினார். வேலை போன விஷயத்தை மகன் லிப்டுக்குள்ளேயே காதோடு சொல்லிவிட்டான். காதைப் பற்றிச் சொல்வதற்குள் லிப்ட் நின்றுவிட்டது. அந்த அம்மாள் மெதுவாகப் பேசத் தெரியாதவர். விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே பேசியே வளர்ந்த தொண்டை. நான் என் வீட்டிலிருந்தே முழுதும் கேட்டேன்.

சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனவர், அரிசி டப்பாவைத் திறந்தார். அடியில் கைப்பிடி அரிசி. விளக்கு வைத்த நேரத்தில் வீட்டில் இல்லை என்ற சொல்லை எடுக்கலாமா? அவர் பரம்பரையில் யாரும் எடுத்ததில்லை. வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்:

"அம்மிணி, அரிசி நெறஞ்சிருக்குது. பருப்பும் நெறஞ்சிருக்குது. எண்ணெய் பெருகிக் கெடக்குது. வெரசலா வாங்கியாரச் சொல்லு."

காதின் பச்சை விளக்கு ஒரு தடவை துடித்தது. மறுநாள் காலை சுவர் ஓரடி பின்னால் போயிருந்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. இரண்டாம் நாள் சர்க்கரை நிறைந்தது, மூன்றாம் நாள் கடுகு நிறைந்தது, பிரதீபாவின் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து, பெருகிப்போச்சு என்று தெய்வாத்தாள் சொன்னார். சுவர் போய்க்கொண்டே இருந்தது. வீடு காலியாகக் காலியாகக் கூடம் பெரிதாயிற்று. பசிக்கிற வயிற்றோடு கிருபாகரன் தன் கூடத்தில் சைக்கிளே ஓட்டலாம் போலிருந்தது. பிரதீபாதான் சூட்சுமத்தைக் கண்டுபிடித்து, கிருபாகரனோடு என் வீட்டுக்கு வந்து சொன்னாள். அத்தையிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் பேச்சு செயற்கையாகிவிடும் என்று மூவரும் முடிவு செய்தோம்.

அந்தப் பக்கம் சுந்தரவடிவேலுவின் ஊஞ்சல் இடிக்க ஆரம்பித்தது. முதலில் முன்னால் ஆடும்போது மட்டும் இடித்தது. பிறகு ஆடாமலேயே இடித்தது. பம்புகளைச் சோதனை போட்டுச் சோதனை போட்டு அவருடைய சொந்தக் காது கூர்மையாகிவிட்டிருந்தது. சுவரில் காதை வைத்து ஒட்டுக்கேட்டு, காரணத்தை அறிந்துகொண்டார். வர்றனுங்க விவகாரம் மாடி முழுக்க ஏற்கெனவே தெரிந்ததுதான். அறிந்ததும் அவர் செய்த காரியத்தை நான் வியாபார மூளை என்பேன்.

மறுநாளிலிருந்து அவருடைய கடை ஆட்கள் ஒவ்வொருவராக எழுநூற்றொன்றுக்கு வந்தார்கள். ஒருவன் முகவரி கேட்டான். ஒருவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். ஒருவன் கண்ணாலப் பொண்ணுக்குச் சாதகம் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னான். எந்தப் பெண் என்று கேட்டதற்குத் திருதிருவென விழித்தான். எல்லாரும் போகும்போது தவறாமல், சத்தமாக, கூரை மூலையைப் பார்த்து, "வர்றனுங்க" என்றார்கள்.

சுவர் திரும்பி வர ஆரம்பித்தது.

ஆனால் சுந்தரவடிவேலு ஒன்றை யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவனைத் தெய்வாத்தாள் வெறும் வயிற்றோடு அனுப்பமாட்டார். ஒருவனுக்குக் காபி, ஒருவனுக்கு உப்புமா. அதனால் சாயங்காலத்துக்குள் காபித்தூள் நிறைந்துவிடும், ரவை நிறைந்துவிடும். பகலில் வந்த சுவர் விளக்கு வைத்ததும் திரும்பிப் போகும். இப்படியே அந்தச் சுவர் அலைந்தது. பிரதீபா அடித்த ஆணியில் போட்டோ ஆடிக்கொண்டே போய் ஆடிக்கொண்டே வந்தது. மளிகைக் கடைக்காரர் கடனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்; அவரும் எத்தனை நாள் கொடுப்பார்?

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். சுந்தரவடிவேலு பொறுமையிழந்து நேரடியாகச் சண்டைக்கே வந்துவிட்டார். ஜெசிந்தா, வீட்டாரின் பணவசதியைச் சரிபார்க்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து அவசரமாக அனுப்பப்பட்டு வந்திருந்தாள். நான் வந்திருந்தேன்; ஏணி இருந்தது. அப்போது, அதுவரை கேட்க மட்டுமே செய்த காது, முதல் தடவையாகப் பேசியது. அகராதியைப் படித்த குரல்.

"இவ்வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, ரவை ஆகியன நிறைந்துள்ளன. வளையல்கள் பெருகியுள்ளன. இத்தகைய செல்வந்தருக்குக் கடன் தேவையில்லை. முழுத் தொகையையும் இன்றே செலுத்துக. பணம் உள்ளதா?"

ஜெசிந்தாவின் முகம் வெளுத்துவிட்டது. பிரதீபாவின் காதில் அவள் கிசுகிசுத்தது எனக்கும் கேட்டது. இருக்கிறது என்று சொன்னால் இப்போதே மொத்தமும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வீடு போய்விடும். இல்லை என்று சொன்னால் இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய்யாகும். சுவர் இந்த நிமிஷமே அடுப்பு மேடைக்கு வந்துவிடும். பத்திரப்படி கேள்வி வீட்டில் மூத்தவருக்கு. அவர்தான் பதில் சொல்ல வேண்டும், வேறு யார் வாயைத் திறந்தாலும் செல்லாது.

பிரதீபா போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிருபாகரன் அம்மாவைப் பார்த்தான். சுந்தரவடிவேலுகூட, நம்பினால் நம்புங்கள், கையைப் பிசைந்தார். ஊஞ்சலுக்கு இடம் வேண்டுமென்று நினைத்தாரே தவிர, ஒரு வீடு போகவேண்டுமென்று அவர் நினைக்கவில்லை.

தெய்வாத்தாள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவருக்குக் குரல் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. வாசலில் யாரோ வசூலுக்கு வந்து நிற்பதாக நினைத்தார். அந்த மாதிரி ஆட்களிடம் பேசுகிற மரியாதையோடு, கதவுப்பக்கம் பார்த்துச் சொன்னார்:

"விளக்கு வெச்ச நேரத்துல பணங்காசுப் பேச்சு வேண்டாமுங்க. போயிட்டு வாங்க."

காது யோசித்தது. பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. அதை ஒருவர் போயிட்டு வாங்க என்று அனுப்பியது அதுதான் முதல் தடவை. அகராதியில் தேடியிருக்கும். இதற்கு என்ன பதில் சொல்வது என்று அகராதியில் இருக்காது. ஆனால் அந்த வீட்டில் போயிட்டு வாங்க என்று சொல்லப்பட்டவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை அது எத்தனையோ நாளாகக் கேட்டிருக்கிறது. கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொண்டது போலிருந்தது. பிறகு, சுத்தமான எங்கள் ஊர் இழுவையில் சொன்னது:

"சரிங்க. வர்றனுங்க."

சுவர் கிளம்பியது. மெதுவாக, யாரையும் இடிக்காமல், இரண்டு வீட்டுக்கும் சரிநடுவே, முதன்முதலில் நின்ற இடத்துக்குப் போய் நின்றது. அங்கே இன்னொரு தடவை, அடங்கிய குரலில், "வர்றனுங்க" என்றது. விளக்கு அணைந்தது.

அப்புறம் வரவேயில்லை.

நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் இருந்த பெரிய கருவி இதைப் பதிவு செய்துகொண்டது. எழுநூற்றொன்றுக்கு வருவதாக வாக்குக் கொடுத்தவர்: கடன் கொடுத்த நிறுவனம். வாக்கு: நிறைவேற்றப்படவில்லை. தலைமை அலுவலகமும் கடனில் வாங்கிய கட்டடம். அங்கேயும் இதே மாதிரிச் சுவர்கள். ஜெசிந்தா அடுத்த மாதம் வந்தபோது சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள், மேலாளர் இப்போது தன் அறைக்குள் பக்கவாட்டில்தான் போகிறாராம். மேஜையை வெளியே வைத்துவிட்டார்களாம்.

பக்கவாட்டில் நடந்து பழகிய அந்த மேலாளரே ஒரு நாள் நேரில் வந்தார். எப்படியாவது சுவரை ஒரு தடவை வரச் சொல்ல முடியுமா என்று கேட்டார். தெய்வாத்தாள் அவருக்கு உப்புமா வைத்தார். கிருபாகரன், நாங்கள் தடுக்கவில்லையே, வருகிறபோது வரட்டும் என்றான். அப்புறம் அவனாகவே சொன்னான்: "சுவர் வந்தாலும் வராட்டியும் தவணையக் கட்டறனுங்க." மேலாளர் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காதைப் பார்க்கவில்லை. சரி தம்பி என்று சொல்லிவிட்டு, எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு விநாடி தயங்கி, வர்றனுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு எங்கள் அடுக்ககத்தில் எல்லாக் காதுகளையும் கழற்றிவிட்டார்கள். கழற்றிய துளைகளில் பாதி வீட்டில் பல்லி குடியிருக்கிறது.

கிருபாகரனுக்குச் சுந்தரவடிவேலுவே கடையில் வேலை கொடுத்தார். உதிரிபாகம் தெரிந்த ஆள் அவருக்கும் தேவைப்பட்டது. ஊஞ்சலுக்குத்தான் மறுபடி இடம் போதவில்லை. பிரதீபா யோசித்து, அந்தச் சுவரின் நடுவே ஒரு வாசல் உடைக்கச் சொன்னாள். ஆணிக்கு ஒரு பக்கமாக, போட்டோவுக்குச் சேதமில்லாமல். வாசலில் ஊஞ்சலைத் தொங்கவிட்டார்கள். சுந்தரவடிவேலுவின் மனைவி உட்கார்ந்து உந்தினால் முன்னால் எழுநூற்றொன்று, பின்னால் எழுநூற்றிரண்டு. எழுநூற்றொன்றுக்குள் போகும்போது தெய்வாத்தாள் ஒரு முறுக்கைக் கையில் கொடுப்பார். திரும்பி வரும்போது அவள் கடித்திருப்பாள்.

நம்பாதவர்கள் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம். காந்திபுரத்தில் பஸ் ஏறி, சத்தி ரோட்டில் போய், பொன்வாசல் ஸ்டாப் எங்கே என்று கண்டக்டரைக் கேளுங்கள். இறங்கினதும் எதிரிலேயே ஒரு பெரிய விளம்பரப் பலகை. அதில் வரைந்திருக்கும் கட்டடத்தில் கீழேயிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், ஏழாவது மாடியில், கிழக்கு பார்த்த ஜன்னல் என்னுடையது. நான் முன்பணம் கட்டி ஒன்பது வருஷமாகிறது. பலகைக்குப் பின்னால் இன்னும் அஸ்திவாரம் தோண்டவில்லை.